வி.பி.பி.யின் பேரன்

பத்திரிகையில் விளம்பரம் பார்த்து, அஞ்சலட்டையில் ‘வி.பி.பி.யில் அனுப்பவும்’ என்று எழுதிப் போட்டுவிட்டு, தபால்காரர் வரும் நாளுக்காகப் பணத்தை எடுத்துவைத்துக் காத்திருந்தவர்களுக்கு ‘கேஷ் ஆன் டெலிவரி’ (சிஓடி) புதிய சங்கதி அல்ல. பொருளைப் பெற்றுக்கொள்ளும்போது தபால்காரரிடம் பணம் கட்டும் வி.பி.பி., அஞ்சல் துறை 1877-இல் தொடங்கிய ஏற்பாடு. 2007-இல் புத்தகம் விற்க வந்த ஃபிளிப்கார்ட், 2010-இல் சிஓடியைக் கொண்டுவந்தபோது தாத்தாவின் சட்டையைப் பேரனுக்கு அளவெடுத்துத் தைத்தது, அவ்வளவுதான். வி.பி.பி.யில் புத்தகம் அனுப்பிய பதிப்பகங்களின் பழைய தலைவலியும் கூடவே வந்து சேர்ந்தது: வாங்க மறுத்துத் திரும்பி வரும் கட்டு.

சிஓடி இல்லாதிருந்தால் இந்தியாவில் இணைய வணிகம் பெருநகரங்களைத் தாண்டியிருக்காது என்றே நினைக்கிறேன். அன்று கிரெடிட் கார்டு வைத்திருந்தவர்கள் கொஞ்சம்; அவர்களிலும் கார்டு எண்ணை இணையத்தில் தட்டப் பயந்தவர்கள் பலர். முன்பணம் கட்டி, பொருள் வராமல் போனால் அலைய வேண்டியவர் வாங்கியவர். சிஓடியில் பணம் நம் பையிலேயே இருக்கும், விற்றவர்தான் அலைய வேண்டும். கணவரின் கார்டையோ மகனின் போனையோ எதிர்பார்க்காமல் அஞ்சறைப்பெட்டிக் காசில் சேலை வாங்க முடிந்த பெண்களையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். 2016 நவம்பரில் ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போனபோது சில தளங்கள் சிஓடியை நிறுத்திவைத்தன, சில தொகைக்கு வரம்பு வைத்தன. ரொக்கம் புழக்கத்துக்கு வந்ததும் சிஓடியும் திரும்பிவிட்டது.

ஆனால் சிஓடி வாங்குபவருக்குத் தரும் பாதுகாப்பு பாதிதான் உண்மை. வாசலில் நாம் காசு கொடுப்பது ஒட்டிய பெட்டிக்கு, பிரிப்பது பிறகு. விலையுயர்ந்த போன் போன்றவற்றை வாசலிலேயே பிரித்துக் காட்டும் ‘ஓப்பன் பாக்ஸ்’ முறை வந்திருக்கிறது. முந்நூறு ரூபாய்ச் சட்டையைப் பிரித்துக் காட்ட யாருக்கு நேரம் இருக்கிறது?

பெரிய ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. தொழிலில் அதற்கு ‘ஆர்டிஓ’ என்று பெயர்: கிளம்பிய இடத்துக்கே பார்சல் திரும்புவது. திருப்பூரிலிருந்து ஒருவர் தன் சொந்தத் தளத்தில் டி-சர்ட் விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சட்டைக்கு லாபம் 40 ரூபாய், கூரியருக்கு 60 ரூபாய். வாங்குபவர் கதவைத் திறக்காவிட்டால் போக 60, வர 60. மூன்று சட்டை விற்ற லாபம் ஒரு மூடிய கதவில் போயிற்று. சிஓடி வசதிக்கென்று கூரியர் நிறுவனம் வாங்கும் தனிக் கட்டணம் வேறு. விற்றுப்போன பொருளுக்கும் பணம் உடனே கைக்கு வராது. கூரியர்காரர் வசூலித்ததைச் சில நாள் கழித்து, தவணை வைத்துத்தான் அனுப்புவார். அதுவரை நூலுக்கும் தையல் கூலிக்கும் கடன் வாங்க வேண்டும். தீபாவளிக்கு முன் கிளம்பிய சேலை தீபாவளி கழித்துத் திரும்பி வந்தால், அதை அந்த வருடம் யார் வாங்குவார்கள்?

நானே ஒரு குற்றவாளிதான். ஆர்டர் போட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டேன். பார்சல் மூன்று நாள் வாசல் வரை வந்துவிட்டுத் திரும்பியது. எனக்கு ஒரு பைசா நஷ்டமில்லை. சிஓடியின் கோளாறு இதுதான்: ஆர்டர் போடுபவருக்கு எந்தச் செலவும் இல்லாததால், ஆர்டர் வெறும் விசாரிப்பாகிவிடுகிறது.

டெலிவரி செய்பவரின் பாடு தனி. கொடுத்து முடித்த பார்சலுக்கு மட்டும் கூலி என்கிற இடங்களில், “அண்ணே, நாளைக்கு வாங்க” என்ற ஒரு வார்த்தை அவருடைய பெட்ரோலைத் தின்றுவிடும். ‘பிள்ளையார் கோயில் பின்புறம்’ என்ற முகவரியை வைத்துக்கொண்டு தெருவைச் சுற்ற வேண்டும், சில்லறை தேட வேண்டும், இரவு கணக்கு ஒப்படைக்கும்போது குறைந்தால் பதில் சொல்ல வேண்டும். போகாமலேயே ‘வாடிக்கையாளர் மறுத்தார்’ என்று பதிவு செய்பவர்களும் உண்டு. அது தவறுதான், ஆனால் அந்தத் தவறு எங்கே முளைக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

சிஓடிக்கு இப்போது பல தளங்கள் தனிக் கட்டணம் வாங்குகின்றன. விலைக்குப் பக்கத்திலேயே அதைப் போட்டால் குறை சொல்ல மாட்டேன். கடைசிப் பக்கத்தில், பணம் கட்டும் நேரத்தில் நீட்டினால் அது ஏமாற்று. விலையைத் துளித்துளியாகக் காட்டும் இந்த வித்தையை, 2023-இல் மத்திய அரசு வெளியிட்ட விதிமுறைகள் 13 ஏமாற்று உத்திகளில் ஒன்றாகப் பட்டியலிட்டிருக்கின்றன. கட்டணத்தைவிட நியாயமான வழி, சிறு விற்பனையாளர்கள் சிலர் செய்வதுபோல் ஐம்பதோ நூறோ முன்பணம் வாங்கிக்கொண்டு மீதியை வாசலில் வசூலிப்பது. மீதியை ரொக்கமாகத் தர வேண்டும் என்பதுகூட இல்லை. க்யூஆரை ஸ்கேன் செய்தால் முடிந்தது. பார்சல் கட்டுவதற்கு முன் வாட்ஸாப்பில் ஒருமுறை உறுதி கேட்டுக்கொள்வதும் நல்லது. வாங்குபவருக்குப் பெரிய இழப்பு இல்லை. ஆர்டருக்கு ஒரு கனம் வரும்.

சிஓடியை ஒழிக்கச் சொல்பவர்களோடு நான் இல்லை. வாங்குபவர்களிடம் கேட்பது ஒன்றுதான்: மனம் மாறினால், பார்சல் கிளம்புமுன் ரத்து செய்துவிடுங்கள். அரை நிமிட வேலை.