முகமூடியும் உரிப்பொருளும்: ‘மாஸ்க்ஸ்’ விளையாட்டுக்குத் தாம்பரம் சார்ந்த நகர்வுகளை வடிவமைத்தல்

முன்னுரை

பிரெண்டன் கான்வே வடிவமைத்து, 2016இல் மேக்பை கேம்ஸ் நிறுவனம் வெளியிட்ட ‘மாஸ்க்ஸ்: எ நியூ ஜெனரேஷன்’ ஒரு பாத்திரமேற்பு விளையாட்டாகும். அதிவல்லமை பெற்ற பதின்பருவத்தினரின் கதையை, ஆடுவோர் மேசையைச் சுற்றி அமர்ந்து வாய்மொழியாக உருவாக்குவர். இதன் களம் ஹால்சியன் சிட்டி என்னும் கற்பனை நகரம். இக்களத்தைத் தாம்பரத்துக்கு மாற்ற விரும்புவோர் ‘மூவ்’ எனப்படும் நகர்வு விதிகள் சிலவற்றைப் புதிதாக எழுத வேண்டும். அத்தகைய நகர்வுகளை மதிப்பிடத் திணைக் கோட்பாடு அளவுகோலாகும் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

நகர்வின் கட்டமைப்பு

வின்சென்ட் பேக்கர், மெகே பேக்கர் ஆகியோரின் ‘அபோகலிப்ஸ் வேர்ல்ட்’ (2010) வகுத்த மரபில் வந்தது இவ்விளையாட்டு. ஒவ்வொரு நகர்வும் ‘இன்னது நிகழும்போது’ என்னும் சூழலில் தொடங்கும். ஆடுபவர் இரு பகடைகளை உருட்டிப் பண்பு மதிப்பு ஒன்றைக் கூட்டுவார். 10உம் அதற்கு மேலும் முழு வெற்றி. 7 முதல் 9 வரை விலை கொடுத்துப் பெறும் வெற்றி. 6உம் அதற்குக் கீழும் தவறுதல். அபாயம், விநோதம், மீட்பர், மேன்மை, சாமானியம் எனத் தமிழாக்கத்தக்க ஐந்து பண்புகளும் −2 முதல் +3 வரை மாறக்கூடியவை. மதிப்பு 0 எனில் 36 வாய்ப்புகளில் 15 தவறுதலாகும். +2 எனில் 6 மட்டுமே. எனவே ஒரு நகர்வுக்கு எப்பண்பைத் தேர்வது என்பது, அச்சூழலில் எத்தகைய இளைஞர் வெல்வார் என்று தீர்மானிப்பதாகும்.

பெயர் மாற்றமும் பொருள் மாற்றமும்

முதல், கரு, உரி என்னும் மூன்றும் பாடலில் பயிலுங்கால் ஒன்றினொன்று சிறந்தவை என்பது தொல்காப்பிய அகத்திணையியலின் நிலைப்பாடு. கடற்கரை–தாம்பரம் மின்தொடர்வண்டியையோ சந்தையையோ விதியில் சேர்ப்பது முதலும் கருவும் சேர்ப்பதே.

2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளைச் சூழ்ந்த வெள்ளம் ஒரு சான்று. ‘வெள்ளத்தில் ஆற்றலை வெளிப்படுத்தும்போது விநோதம் கூட்டி உருட்டுக’ என எழுதினால், மூலத்தில் ஏற்கெனவே உள்ள அடிப்படை நகர்வே ஊர்ப்பெயருடன் மீள்கிறது. மாறாக, ‘மொட்டைமாடியில் தவிக்கும் அண்டைவீட்டாரை, அவர் முகம் அறியும்படி காப்பாற்றும்போது மீட்பர் கூட்டி உருட்டுக; 7–9 எனில் அவர் பிழைப்பார், ஆனால் செய்தி உமக்கு முன்பே வீட்டை எட்டும்’ என அமைத்தால், அறியப்படுதல் பற்றிய அச்சம் உரிப்பொருளாகிறது.

மௌனத்தின் நகர்வு

மூல விளையாட்டில் செல்வாக்குடைய ஒருவர் ‘நீ இத்தகையவன்’ என்று கூறினால் பண்பு மதிப்புகள் மாறும். அதனை மறுக்கவும் விதியுண்டு. மறுப்பில் வென்றவர் செயலால் எதிர்ப்பை நிறுவலாம், தம் பண்புகளைத் தாமே மாற்றலாம், அல்லது அச்செல்வாக்கை நீக்கலாம். பெரியவர் ‘இவள் இசைந்துவிட்டாள்’ என்று நம்பிக்கொண்டிருக்க, உறவு முறியாமலே உள்ளுக்குள் மறுக்கும் நிலை இத்தெரிவுகளில் இல்லை. நுழைவுத்தேர்வு, கல்லூரி, வேலை குறித்துப் பெற்றோரும் உறவினரும் ஒருசேர அறிவுரை கூறும் புறநகர் வீடுகளில் இந்நிலை பழகியதொன்று. இதற்கான நகர்வைப் பின்வருமாறு வரையலாம்:

‘பெரியவர் சொல்லுக்கு எதிருரையாது தலையசைத்து, உள்ளத்தில் மறுக்கும்போது சாமானியம் கூட்டி உருட்டுக. 10+: பண்புகள் மாறா, அவர் உம்மை நம்புவார். 7–9: பண்புகள் மாறா; ஆனால் குற்றவுணர்வைக் குறித்துக்கொள்க, அல்லது மீற இயலாத வாக்கொன்று அளிக்க. 6−: உம் மௌனம் புரிந்துகொள்ளப்படும், அவர் சொல்லே உம்மை மாற்றும்.’

இயல்பான பிள்ளையாக வாழத் தெரிந்தவரே நன்கு மறைப்பர் என்பதால் சாமானியம் இங்குப் பொருந்துகிறது. குற்றவுணர்வைப் போக்க ஒன்றைத் தியாகம் செய்ய வேண்டும் என்பது மூலவிதி. ஆகவே தலையசைப்பின் விலை அடுத்த காட்சிக்கும் தொடரும்.

இந்நகர்வைக் கட்டாயமாக்கினால் தமிழ்ப் பிள்ளைகள் அனைவரும் அடங்கியவர்கள் என்ற வார்ப்புரு உருவாகிவிடும். மூலத்தின் மறுப்பு விதியையும் நிலைநிறுத்தி, இரண்டில் எதை ஆள்வது என்பதை ஆடுபவரிடமே விடுவது இக்குறையைத் தவிர்க்கும்.

முடிவுரை

ஊர்ப்பெயரை நீக்கிய பின்னும் ஒரு நகர்வு அவ்வூரின் உறவுநிலையைச் சுட்டுமானால் அது நன்கு அமைந்ததாகும். பெயரோடு அதுவும் மறையுமானால் அது அணி மட்டுமே. பிறமொழி விளையாட்டுகளைத் தமிழ்ச் சூழலுக்குக் கொணர்வோர் உரிப்பொருளிலிருந்து தொடங்குதல் வேண்டும்.