இணைய விளையாட்டும் பொழுதின் பயனும்

இளையோர் பொழுதை வீணடிக்கின்றனர் என்னும் குறைகூறல் புதிதன்று. ஒரு காலத்தில் அது பட்டம் விடுவோரைச் சுட்டியது. பின்னர்த் தொடர்கதை படிப்போரையும் திரைப்படம் பார்ப்போரையும் சுட்டியது. அதன்பின் தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருப்போரைச் சுட்டியது. இன்று திறன்பேசியைக் கையில் ஏந்தி இணையத்தின்வழி விளையாடும் மாணவரைச் சுட்டி நிற்கின்றது. ஆசிரியர் அறையிலும் பெற்றோர் கூட்டத்திலும் இப்பேச்சு எழும்போதெல்லாம் இரண்டு விடைகளே கிடைக்கின்றன. ‘முற்றும் வீண்’ என்பது ஒன்று; ‘காலத்திற்கேற்ற பொழுதுபோக்கு, அறிவைக் கூராக்குவது’ என்பது மற்றொன்று. இருசாராரும் ஒரு பிழையைப் பொதுவாகச் செய்கின்றனர். ‘எந்த விளையாட்டு?’ என்று அவர்கள் கேட்பதில்லை.

நூலை மதிப்பிடும் திறனாய்வாளர், ‘நூல்கள் நல்லனவா, தீயனவா?’ என்று பொதுப்பட வினவுவதில்லை. குறித்த ஒரு நூலை எடுத்து, அதன் அமைப்பை நோக்கி, அது படிப்போரிடம் எதனை வேண்டுகின்றது, படித்து முடித்தபின் எதனை விட்டுச் செல்கின்றது என்று ஆராய்ந்த பின்னரே தீர்ப்புக் கூறுகின்றார். இணைய விளையாட்டும் மனிதரால் திட்டமிட்டு ஆக்கப்பட்ட படைப்பேயாகும். ஆதலின் அதனை மதிப்பிடுவதற்கும் இந்நெறியே பொருந்தும்.

தமிழ் மரபு விளையாட்டை இழிவாகக் கருதியதில்லை. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் உவகை தோன்றும் நிலைக்களன்களை நான்காக வகுத்து, அவற்றுள் ஒன்றாக விளையாட்டை வைத்துள்ளார். அவ்வுவகை அல்லல் நீங்கியதாய் இருத்தல் வேண்டும் என்றும் அடை கொடுத்துள்ளார். எனவே, வேறொரு பயனைத் தந்தால்தான் விளையாட்டிற்கு மதிப்புண்டு என்பதில்லை. அல்லலற்ற மகிழ்ச்சியே அதன் பயன். நெதர்லாந்து நாட்டு வரலாற்றறிஞர் யொஹான் ஹூயிசிங்கா, 1938ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் விளையாட்டின் இலக்கணத்தை விரிவாக ஆய்ந்துள்ளார். அவர் காட்டும் இயல்புகளுள் இரண்டு ஈண்டுக் கருதத்தக்கவை. விளையாட்டு ஒருவர் தாமே விரும்பி ஏற்பது. காலத்தாலும் இடத்தாலும் எல்லை உடையது. பல்லாங்குழியும் மலாய்க்காரர் ஆடும் சொங்காக்கும் இவ்விலக்கணத்திற்கு நல்ல சான்றுகள். விரும்பியவர் அமர்வர்; குழிகளில் காய்கள் தீர்ந்தால் ஆட்டம் முடியும்; எழுந்து சென்றவரைப் பலகை மறுநாள் அழைப்பதில்லை.

விருப்பம், எல்லை என்னும் இவ்விரண்டு அளவுகோல்களையும் கொண்டு சில இணைய விளையாட்டுகளை நோக்கினால், அவற்றிடையே உள்ள வேறுபாடு தெளிவாகப் புலப்படும்.

2009ஆம் ஆண்டில் முகநூலில் அறிமுகமாகிப் பலகோடி மக்களை ஈர்த்த விளையாட்டு ‘பார்ம்வில்’. விளையாடுவோர் திரையில் ஒரு நிலத்தைப் பெற்று, உழுது, விதைத்து, அறுவடை செய்வர். பயிர் விளையச் சில மணி நேரமோ சில நாள்களோ ஆகும். உரிய காலத்தில் திரும்பி வந்து அறுக்காவிடில் பயிர் வாடிவிடும். இவ்வாட்டத்தில் திறமைக்கோ சூழ்ச்சிக்கோ பெரிதும் இடமில்லை. தவறாமல் திரும்பி வருதலே வெற்றிக்கு வழி. விருப்பத்தால் தொடங்கியவர், வாடும் பயிருக்கு அஞ்சித் தொடர்ந்தனர். விளையாட்டின் பொருட்டு மனிதர் வேலைக்காரராயினர். இயன் போகோஸ்ட் என்னும் விளையாட்டியல் அறிஞர், இத்தகைய ஆட்டங்களை எள்ளி நகையாட 2010ஆம் ஆண்டில் ‘கௌ கிளிக்கர்’ என்னும் ஆட்டத்தை ஆக்கினார். அதில் ஒரு பசுவின் படத்தை ஆறு மணி நேரத்திற்கு ஒருமுறை தொடுவதன்றி வேறு செயலே இல்லை. அங்கதமாக ஆக்கப்பட்ட அதனையும் பல்லாயிரவர் மெய்யாகவே விளையாடினர் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. பார்ம்வில் 2020ஆம் ஆண்டு திசம்பர் 31ஆம் நாள் மூடப்பட்டது. ஆண்டுக்கணக்கில் காத்த வயல்கள் ஒரே நாளில் மறைந்தன.

இதற்கு எதிர்நிலையில் வைத்து எண்ணத்தக்கது ‘மைன்கிராப்ட்’. சுவீடன் நாட்டு மார்க்கஸ் பெர்சன் தொடங்கி வைத்த இவ்வாட்டம், 2011ஆம் ஆண்டில் முழுமையாக வெளிவந்தது. 2014ஆம் ஆண்டில் மைக்ரோசாப்ட் நிறுவனம் இதனை 250 கோடி அமெரிக்க வெள்ளிக்கு வாங்கியது. கட்டைகளை அடுக்கி வீடும் பாலமும் நகரமும் கட்டுவதே இதன் அடிப்படை. செங்கல் தூளைப்போல் தோன்றும் ஒரு பொருளைக் கொண்டு, தானே திறக்கும் கதவு முதல் எண்களைக் கூட்டும் பொறி வரையில் மாணவர் அமைக்கின்றனர். 2020ஆம் ஆண்டில், ‘எல்லையற்ற செய்தியாளர்கள்’ என்னும் அமைப்பு, சில நாடுகளில் தடுக்கப்பட்ட செய்திக் கட்டுரைகளைப் படிப்பதற்கு இவ்விளையாட்டின் உள்ளேயே ஒரு நூலகத்தைக் கட்டுவித்தது. தனித்து விளையாடுகையில், ஆட்டத்தை மூடியதும் அவ்வுலகம் அப்படியே நின்றுவிடும். பத்து நாள் கழித்து வந்தாலும் பாதி கட்டிய சுவர் பாதியாகவே காத்திருக்கும். பார்ம்வில்லில் மனிதர் உலகிற்குக் காத்திருந்தனர். இங்கு உலகம் மனிதருக்குக் காத்திருக்கின்றது. இதற்கும் குறித்த முடிவு கிடையாது என்பது உண்மையே. எனினும் தான் கட்டும் வீடு முடிந்ததென்று தீர்மானிக்கும் உரிமை மாணவரிடம் இருக்கின்றது.

இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது, மலேசிய, சிங்கப்பூர் இளையோரிடையே பெரிதும் பரவியுள்ள ‘மொபைல் லெஜண்ட்ஸ்’. 2016ஆம் ஆண்டில் வெளிவந்த இவ்வாட்டத்தில், ஐவர் கொண்ட ஓர் அணி மற்றோர் ஐவரை எதிர்த்து மூன்று பாதைகளில் முன்னேறி, எதிரியின் தளத்தைத் தகர்க்க வேண்டும். ஓர் ஆட்டம் பெரும்பாலும் கால் மணி நேர அளவில் முடிந்துவிடும். கூட்டு முயற்சி, விரைந்த முடிவு, எதிரியின் உள்ளத்தை உய்த்துணர்தல் ஆகியவை இதற்கு வேண்டும். இத்தகைய ஆட்டங்கள் 2019ஆம் ஆண்டு பிலிப்பைன்சில் நடைபெற்ற தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில் பதக்கத்திற்குரியனவாக ஏற்கப்பட்டன. அவற்றுள் மொபைல் லெஜண்ட்சும் ஒன்று. ஆயின், முடிவுள்ள ஆட்டங்கள் முடிவற்ற ஒரு சரத்தில் கோக்கப்பட்டிருப்பதுதான் இதன் குறை. தரவரிசை ஆட்டத்தில் வென்றால் விண்மீன் ஒன்று கூடும். தோற்றால் ஒன்று குறையும். பருவம் மாறும்போது ஏறிய படிகளிலிருந்து இறக்கம் நேரும். தோற்றவர் இழந்ததை மீட்க மறுபடியும் நுழைவார். வென்றவர் பெற்றதைப் பெருக்க மறுபடியும் நுழைவார். எழுவதற்குரிய வேளை எப்பொழுதும் அடுத்த ஆட்டத்திற்குப் பின்னரே இருக்கும்.

பெற்றோர் அறியவேண்டிய செய்தி ஒன்றும் இதில் உண்டு. ஆட்டத்தின் நடுவில் விலகினால் தண்டனை உண்டு. உடன் ஆடும் நால்வரும் கைவிடப்படுவர். ‘இந்த நொடியே நிறுத்து’ என்னும் கட்டளைக்கு மகன் பணியாதிருப்பது பிடிவாதமாக மட்டுமே இருக்க வேண்டுவதில்லை. நண்பரைக் காட்டிக் கொடுக்க மனமின்மையாகவும் இருக்கலாம். ‘இந்த ஆட்டம் முடிந்ததும் நிறுத்து’ என்பது விளையாட்டை அறிந்தவர் இடும் கட்டளை. அதற்குப் பணியாத மகனிடம் கண்டிப்புக் காட்டுவதில் நியாயம் உண்டு.

இவற்றினும் கொடியது, பொருளைத் திறமைக்கன்றி வாய்ப்பிற்கு விடும் வகை. உள்ளே என்ன இருக்கின்றது என்று தெரியாத பெட்டியைப் பணம் கொடுத்துத் திறக்கச் செய்யும் உத்தி பல விளையாட்டுகளில் உள்ளது. பெல்ஜியம் நாடு 2018ஆம் ஆண்டில் இத்தகைய பெட்டிகளுள் சிலவற்றைச் சூதாட்டமென்றே அறிவித்தது. சூதிற்கென ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், அதில் பெறும் வெற்றியை மீன் விழுங்கும் தூண்டில் இரும்போடு ஒப்பிட்டார். முதற்பெட்டியில் அரிய பொருள் கிடைத்து மகிழும் சிறுவனுக்கு அவ்வுவமையின் பொருள் பின்னரே விளங்கும்.

இவ்வேறுபாடுகளை நோக்காது கடிகாரத்தை மட்டும் நம்பிய சட்டங்களும் உள. தென்கொரியா 2011ஆம் ஆண்டு முதல், பதினாறு வயதிற்குட்பட்டோர் நள்ளிரவு முதல் காலை ஆறு மணி வரையில் இணையத்தில் விளையாடுவதைத் தடுத்தது. பத்தாண்டிற்குப் பின் அச்சட்டத்தை விலக்கிக்கொண்டது. சீனா 2021ஆம் ஆண்டில், பதினெட்டு வயதிற்குட்பட்டோர் வெள்ளி, சனி, ஞாயிறு, பொது விடுமுறை நாள்களில் இரவு எட்டு முதல் ஒன்பது மணி வரையில் மட்டுமே இணையத்தில் விளையாடலாம் என விதித்தது. உறக்கத்தையும் படிப்பையும் காக்க நேரவரம்பு வேண்டியதே. ஆனால் நேரவரம்பு நோயைச் சுட்டாது. உலகச் சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டில் ஏற்று, 2022ஆம் ஆண்டில் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய்ப் பட்டியலில் விளையாட்டுக் கோளாறும் இடம்பெற்றுள்ளது. அதற்குரிய அடையாளம் இத்தனை மணி நேரம் என்பதன்று. விளையாட்டைக் கட்டுப்படுத்த இயலாமை, பிற கடமைகளினும் அதற்கே முதன்மை தருதல், தீங்கு கண்டும் தொடர்தல் ஆகியவையே. இந்நிலை பொதுவாக ஓராண்டேனும் நீடித்தல் வேண்டும். மருத்துவர் காட்டும் அடையாளமும் விருப்பம் அற்றுப்போதலையே முதன்மையாகச் சுட்டுகின்றது.

ஆராய்ந்து நோக்கின், விளையாடியதனால் பொழுது வீணாவதில்லை என்பதும், விளையாட்டாய் இருந்தது விளையாட்டாய் இல்லாமற்போகும் இடத்திலேயே பொழுது வீணாகின்றது என்பதும் புலனாகும். விரும்பி அமர்ந்து, மகிழ்ந்து, விரும்பும்போது எழ முடிந்த ஒரு மணி நேரத்திற்கு எவரும் கணக்குக் காட்ட வேண்டுவதில்லை. இழந்துவிடுவோமோ என்னும் அச்சத்தால் கழிந்த பத்து நிமிடங்களுக்குக் கணக்கு உண்டு.

இவ்வேறுபாட்டை மாணவர்க்கு உணர்த்துவது தமிழாசிரியர்க்கு இயலாத பணியன்று. ‘இணைய விளையாட்டின் நன்மை தீமைகள்’ என்னும் தலைப்பில் ஆண்டுதோறும் எழுதப்பெறும் கட்டுரைகளில், ‘அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு’ என்னும் பழமொழியோடு சிந்தனை நின்றுவிடுகின்றது. அதற்கு மாறாக, தாம் விளையாடும் ஓர் ஆட்டத்தை எடுத்து, அதன் விதிகள் யாவை, அது முடியும் இடம் எது, எழுந்து செல்பவரை மீண்டும் அழைக்க அது கையாளும் உத்தி யாது, அதனை ஆக்கியவருக்கு வருவாய் எங்கிருந்து வருகின்றது என்று நல்ல தமிழில் எழுதுமாறு பணிக்கலாம். அவ்வாறு எழுதும் மாணவர் தம் பொழுது எவர் கையில் இருக்கின்றது என்பதைத் தாமே கண்டுகொள்வர். அக்கட்டுரைகளைத் திருத்தும் ஆசிரியரும், தாம் பெயரளவில் மட்டும் அறிந்து கடிந்துவந்த ஓர் உலகைப் பற்றி மாணவரிடமிருந்து கற்றுக்கொள்ள வாய்ப்பு ஏற்படும்.