அடிக்கணக்கில் அடங்காத வேலை

ராஜஸ்தானிலோ சத்தீஸ்கரிலோ நெடுஞ்சாலை ஓரம் டி.என். 34 என்ற எண்ணோடு ஆழ்துளைக் கிணறு போடும் ஒரு ரிக் வண்டி நின்றால் நம் பக்கத்து ஆட்களுக்கு வேறு அடையாளம் தேவையில்லை. திருச்செங்கோட்டு வண்டி. கூடவே ராடும் டீசலும் ஏற்றிய சப்போர்ட் லாரி. அதிலேயே அடுப்பு, அரிசி மூட்டை, படுக்கை. இரண்டுக்கும் சேர்த்து எட்டுப் பத்துப் பேர். ஊரை விட்டுக் கிளம்பினால் திரும்ப மாதக்கணக்காகும். ஒரு வேலைக் குழு எதனால் ஒத்துப்போகிறது என்று கேட்டால் நான் இந்த வண்டியைத்தான் காட்டுவேன். எங்கே தவறுகிறது என்று கேட்டாலும் இதையேதான்.

ராசிபுரம் பக்கம் ஒரு தோட்டத்தில் ஓர் இரவு முழுக்க நின்று பார்த்திருக்கிறேன். கம்ப்ரசர் ஓடத் தொடங்கியதும் பேச்சு நின்றுவிட்டது. காதோடு வாய் வைத்துக் கத்தினாலும் கேட்காது. 20 அடி ராடு முழுசாக இறங்கியதும் டிரில்லர் காற்றை நிறுத்துகிறார். கீழே ஒருவன் ராடின் கழுத்தில் ஸ்பேனரைக் கொடுத்துப் பிடிக்கிறான். மேலே ஹெட் எதிர்ப்பக்கம் சுற்றி மரை கழல்கிறது. இன்னொருவன் அடுத்த ராடைக் கொண்டுவந்து மரைக்கு மரை சேர்க்கிறான். லீவரில் நிற்கும் டிரில்லரின் கண் முழுக்க அந்த இரண்டு பேர் கையில்தான். ஸ்பேனர் பிடித்தவன் விலகி உள்ளங்கையை உயர்த்துகிறவரை லீவர் அசையவில்லை. அவசரப்பட்டால் விரல் போய்விடும்.

நடு இரவில், வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதமே ஆன ஒடிசாப் பையன் இரண்டு கைகளையும் குறுக்கே வைத்துக் காட்டினான். டிரில்லர் சட்டென்று நிறுத்தினார். மரையில் மண் ஏறியிருந்தது. துடைத்து, கிரீஸ் தடவி, மறுபடி பூட்டினார்கள். இருபது வருட அனுபவக்காரர் அந்தப் பையனிடம் ஏன் என்று கேட்கவில்லை. நிறுத்தினார், பிறகுதான் பார்த்தார். அப்படியே ராடு இறங்கியிருந்தால் மரை கடித்துக்கொண்டிருக்கும். ராடு உள்ளே சிக்கினால் அந்தப் பயணத்துச் சம்பாத்தியமே போயிருக்கும்.

அமெரிக்க ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் 1990களில் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தபோது, நன்றாக இயங்கிய குழுக்களில்தான் மருந்துப் பிழைகள் கூடுதலாகப் பதிவாகியிருந்தன. அங்கே பிழைகள் பெருகவில்லை. பயமில்லாமல் வெளியே சொன்னார்கள், அவ்வளவுதான். கீழே இருப்பவன் வாய்திறக்க முடிகிற குழுவே நிலைக்கும் என்ற அவருடைய கருத்து இன்று உலகம் முழுக்கப் பாடமாகிவிட்டது. அதை நான் கண்ணால் பார்த்தது இந்தத் தோட்டத்தில்தான்.

முன்பெல்லாம் பங்காளி, மாமன் மச்சான் என்று ஒரே ஊர் ஆட்கள் வண்டியேறினார்கள். இப்போது பீகார், ஒடிசா, சத்தீஸ்கர் பையன்கள் வந்துவிட்டதால் ஒட்டுறவு போய்விட்டது என்று பழைய ஆட்கள் வருத்தப்படுவதுண்டு. அந்த வருத்தத்தை என்னால் முழுசாக ஏற்க முடியவில்லை. சொந்தக்காரன் நோய்நொடிக்கு உதவுவான், உண்மை. ஆனால் லீவரில் மாமன் நிற்கும்போது “மாமா, பொறுங்க” என்று கை காட்ட மச்சானுக்குக் கூச்சம் வரும். தப்பு நடந்தாலும் ஊருக்குத் தெரியாமல் மூடிவிடுவார்கள். உறவு இருந்த இடத்தில் இன்று கைச்சாடையும் ஒரே அடுப்பும் இருக்கின்றன. மேனேஜருக்கும் ஹெல்பருக்கும் ஒரே பானைச் சோறு. ராத்திரியில் வடக்கத்திப் பையன்களுக்கு ரொட்டி. சமையல்காரர் சரியில்லாத வண்டியில் ஆள் தங்காது என்பதை இந்தத் தொழிலில் இருக்கிற யாரும் சொல்வார்கள்.

இனி மறுபக்கம். வண்டிக்காரருக்கு வருமானம் அடிக்கணக்கில். சம்பளத்துக்கு மேல் ஆட்களுக்குக் கிடைக்கிற பேட்டாவும் பல வண்டிகளில் அந்தக் கணக்கோடுதான் போகிறது. அடி கூடினால் எல்லாருக்கும் லாபம் என்பதால்தான் பத்துப் பேரும் ஒரே மூச்சில் நிற்கிறார்கள். அடியில் சேராத எதுவும் யாருடைய வேலையும் ஆவதில்லை. கருங்கல்லை உடைக்கும்போது கிளம்பும் சிலிக்கா தூசி நுரையீரலைத் தின்றுவிடும். துளைக்குள் தண்ணீர் செலுத்தி ஓட்டினால் தூசி பெரிதும் அடங்கும். தண்ணீர் கொண்டுவருவதும் செலவு, நேரமும் போகும், அதனால் விட்டுவிடுகிறார்கள். விரலைக் காப்பாற்றச் சாடை வைத்திருக்கிற குழுவிடம் மூச்சைக் காப்பாற்ற ஒன்றும் இல்லை. முன்பணம் வாங்கிவிட்டு அது கழியும்வரை வண்டியை விட்டு இறங்க முடியாமல் இருக்கிறவனையும் நாம் ஒற்றுமைக் கணக்கில் சேர்த்துவிடுகிறோம். அதை நான் ஒற்றுமை என்று சொல்லமாட்டேன்.

எனக்குப் பெரிய குறையாகப் படுவது குழியின் வாய். கைவிட்ட ஆழ்துளைக் கிணறுகளில் குழந்தைகள் விழுவதைத் தடுக்க உச்ச நீதிமன்றம் 2010இல் விதிமுறைகள் வகுத்தது. கிணறு போடுவதற்கு 15 நாள் முன்பே அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். ரிக் நிறுவனம் பதிவு செய்திருக்க வேண்டும். கேசிங் பைப்புக்கு உறுதியான மூடி வேண்டும். கைவிட்ட குழியை அடியிலிருந்து தரைமட்டம்வரை நிரப்ப வேண்டும். 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயது சுஜித் விழுந்தது அப்படிக் கைவிட்ட குழியில்தான். குழியை மூடுவது நிலத்துக்காரர் வேலை என்கிறது வண்டி. வண்டிக்காரர் பார்த்திருக்க வேண்டும் என்கிறது ஊர். மூடி போடுவதையும் பில்லில் ஒரு வரியாகச் சேர்த்து அதற்கும் ஓர் ஆளுக்குக் காசு வைத்தால், ராடு மாற்றுகிற அதே கவனத்தோடு இந்தக் குழுவே அதைச் செய்துவிடும். செய்யத் தெரியாத ஆட்கள் இல்லை அவர்கள்.

அன்று ராசிபுரத்தில் 500 அடியிலேயே வெறும் புகைதான் வந்தது. இன்னும் கொஞ்சம் போய்ப் பார்க்கலாம் என்றார்கள். தோட்டக்காரர் தலையாட்டினார். 800இல் நிறுத்தியபோதும் ஈரம் தட்டவில்லை. நிறுத்தச் சொல்லி யாரும் கை காட்டவில்லை. விடியும் முன்னே ராடுகளை ஏற்றிக் கட்டிவிட்டார்கள். தோட்டக்காரர் வரப்பில் உட்கார்ந்திருந்தார். சாம்பல் பூசினாற்போல் தூசி படிந்த அந்த ஒடிசாப் பையன் மட்டும் திரும்பி வந்து, ஒரு கிழிந்த சாக்கைச் சுருட்டிக் குழிவாயில் திணித்தான். மேலே வைக்க ஒரு கல் தேடினான். சப்போர்ட் வண்டி ஹாரன் அடித்தது. ஓடிப்போய் ஏறிக்கொண்டான்.