விஞ்ஞானப் புதினங்களும் நெய்வேலி வாசகரும்

விஞ்ஞானப் புதினங்களில் நாட்டமுள்ள அருட்பணியாளர் நம்மிடையே சிலர் உண்டு. அதை வெளிப்படையாகச் சொல்லிக்கொள்வோர் அவரினும் சிலர். துப்பறியும் கதை படிப்பதை ஒப்புக்கொள்ளும் ஆயர்கூட, செவ்வாய்க் கிரகத்தாரைப் பற்றிப் படிப்பதை மறைத்துவிடுகிறார். இக்கூச்சம் தேவையற்றது என்பது நம் கருத்து. ஆயினும் இவ்வகையில் வருவன யாவும் படிக்கத் தக்கன என்று நாம் வாதிட வரவில்லை. ஒத்த சுவையுடைய வாசகருக்கு நம் மனத்துக்குகந்த சில நூல்களைப் பரிந்துரைப்பதும், நெய்வேலியில் அமர்ந்து படிக்கையில் அவை எவ்வாறு பொருள்படுகின்றன என்று காட்டுவதுமே நோக்கம்.

நெய்வேலியைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நேரான சாலைகளும் எண்ணிட்ட வட்டங்களும் கொண்ட இந்நகரியமே ஒரு தலைமுறையின் விஞ்ஞானக் கனவு. 1956-இல் நிறுவனம் தோன்றிற்று. சோவியத் உதவியால் எழுந்த முதல் அனல்மின் நிலையம் 1962-இல் மின்சாரம் தரத் தொடங்கி, 2020-இல் ஓய்வு பெற்றது. வாளிச் சக்கரம் பூட்டிய இராட்சத இயந்திரங்கள் மண்ணை அகழ்கின்றன. அடியிலுள்ள ஊற்றுநீர் பீறிட்டெழாதபடி இரவும் பகலும் நீர் இறைக்கப்படுகிறது. இதற்காக இடம்பெயர்ந்த கிராமங்கள் பல. 2023 சூலையில் வளையமாதேவியில் நெற்பயிர் நின்ற வயல்களில் மண்வெட்டும் இயந்திரங்கள் இறங்கின. நிலம் முன்னரே கையகப்படுத்தப்பட்டது என்றது நிறுவனம். அறுவடை வரையேனும் பொறுத்திருக்கலாகாதா என்பது உழவர் கேள்வி. ஆலயத்தின் ஒரே வரிசையில் பொறியாளரும், ஒப்பந்தத் தொழிலாளரும், நிலமிழந்த வீட்டுப் பிள்ளையும் அமரக்கூடிய ஊர் இது. ஆகவே எந்த விஞ்ஞானப் புதினத்தையும் நாம் ஒன்று கேட்கிறோம்: அதில் வரும் இயந்திரத்துக்கு விலை கொடுப்பவர் யார்? அவருக்கு ஆசிரியர் முகம் தந்திருக்கிறாரா?

எச். ஜி. வெல்ஸ் 1895-இல் வெளியிட்ட ‘கால இயந்திரம்’ இக்கேள்வியைத் தொடங்கி வைத்தது. மேலே வெயிலில் மென்மையான மாந்தர். நிலத்தடியில் இயந்திரங்களை இயக்கும் மோர்லாக்குகள். முதலாளி, தொழிலாளி என்னும் பிளவு முற்றினால் மானிடமே இரண்டு இனமாகிவிடும் என்கிறார் வெல்ஸ். கூர்மையான எண்ணம். ஆனால் நிலத்தடியார் ஒருவருக்கேனும் அவர் பெயரிடவில்லை. வெளுத்த உடலும் இருட்டில் தீண்டும் கையுமாகவே அவர்கள் வருகின்றனர்; அவர்களை அடித்து வீழ்த்துவதில் கதைத்தலைவன் மகிழ்ச்சியும் கொள்கிறான். நெய்வேலியில் சுரங்கமோ திறந்தவெளி. அதில் இறங்குவோர் மாலையில் வீடு திரும்பிப் பாடகர் குழுவில் பாடுவோர். வெல்ஸைப் படிக்கலாம், அவருடைய அச்சத்தை நாம் வாங்கிக்கொள்ள வேண்டியதில்லை.

நாம் முதலிடம் தருவது வால்டர் மில்லர் எழுதி 1959-இல் வெளிவந்த ‘லீபோவிட்ஸுக்கு ஒரு கீதம்’ என்னும் புதினத்துக்கே. இரண்டாம் உலகப் போரில் மொண்டே கசினோ மடத்தின்மீது குண்டுவீசிய விமானக் குழுக்களில் பணியாற்றியவர் மில்லர். அணுப்போரால் உலகம் அழிந்தபின், கல்வியையே பகைக்கும் மக்களிடமிருந்து எஞ்சிய ஏடுகளைத் துறவிகள் காக்கின்றனர். இளந்துறவி ஒருவர் ஒரு மின்சுற்று வரைபடத்தைக் கண்டெடுத்து, அது இன்னதென்று அறியாமலே பதினைந்து ஆண்டுகள் பொன்னும் வண்ணமும் தீட்டிப் பிரதி செய்கிறார். பொருள் விளங்காத ஒன்றை அன்போடு காப்பதும் ஒரு பணியே என்பதை இதைவிடக் கனிவாகச் சொன்ன கதையை நாம் அறியோம். எபிரேய இலக்கணத்தோடு போராடும் முதலாண்டு மாணவருக்கு இது ஆறுதலளிக்கும்.

இரண்டாம் பகுதியில் பல நூற்றாண்டுகள் கடந்துவிடுகின்றன. மடத்தின் நிலவறையில் துறவி ஒருவர் மின்விளக்கு அமைக்கிறார். மின்னாக்கியைச் சுழற்ற இளந்துறவியர் வியர்வை சிந்துகின்றனர். விளக்கைத் தொங்கவிட ஏற்ற இடம் சிலுவை இருந்த இடமே என்று கண்டு, சிலுவையை இறக்கிவிடுகின்றனர். நூலகத் துறவி கொதிக்கிறார். ஆசிரியரோ தீர்ப்புச் சொல்லாமல் நகர்கிறார்: ஒளி நல்லது, அதைச் சுழற்றுவோர் களைத்திருக்கின்றனர், சிலுவை சுவரோரம் கிடக்கிறது. மின்சாரம் பிறக்கும் ஊரில் ஊழியம் செய்வோர் இப்பக்கங்களை மெதுவாகப் படிக்க வேண்டும். இறுதிப் பகுதியில் வாதங்கள் சற்று நீள்கின்றன என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

சி. எஸ். லூயிஸின் பெயர் வந்தவுடன் நம்மவர் நிம்மதியடைவது வழக்கம். அவருடைய முப்புதினங்களில் முதலாவதான ‘மௌனக் கிரகத்துக்கு அப்பால்’ (1938) போதும் என்போம். அடுத்த ‘பெரலாண்டிரா’வில் கதையைப் பிரசங்கம் விழுங்கிவிடுகிறது. முதல் நூலில் விஞ்ஞானி வெஸ்டன், மானிட முன்னேற்றத்தின் உரிமைகளைப் பற்றி அந்தக் கிரகத்தின் அதிபதி முன் முழங்குகிறான். மொழியறிஞன் ரான்சம் அதை அவ்வூர் எளிய மொழியில் பெயர்க்க முயல, முழக்கம் உதிர்ந்து கொலையும் கவர்தலுமே மிஞ்சுகின்றன. ‘பொதுநோக்கம்’, ‘மறுவாழ்வு’ போன்ற அலுவலகச் சொற்களை நிலமிழந்தோர் முன் பெயர்த்துச் சொல்ல வேண்டிய ஆயருக்கு இது நல்ல பயிற்சி. நாபோத்தின் திராட்சத்தோட்டத்தைப் பிரசங்கிக்குமுன் இவ்வதிகாரத்தைப் படிக்கலாம்.

அதே பொருளைக் கசப்போடு எழுதியவர் அர்சுலா லெ குயின். ‘உலகம் என்னும் சொல் காடு’ (1972) மரம் வெட்ட வந்த பூமியினத்தார் ஒரு கிரகத்து மக்களை அடிமைப்படுத்துவதைக் கூறுகிறது. அம்மக்களுக்கு உலகமும் காடும் ஒரே சொல். நிலத்தையும் ஒழுக்கத்தையும் ‘திணை’ என ஒருசேரச் சுட்டிய மொழியினருக்கு இது எளிதில் விளங்கும். கொடியவனாக வரும் தளபதி மட்டும் மிகத் தட்டையான பாத்திரம்.

தமிழில் சுஜாதாவை விட இயலாது. 1980-களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த ‘என் இனிய இயந்திரா’ நாம் அண்மையில் கடந்துவந்த ஆண்டுகளையே எதிர்காலமாகக் கற்பனை செய்தது. பிள்ளை பெற அரசின் அனுமதி வேண்டிய நாடு. சிந்திக்கத் தொடங்கிவிட்ட ஜீனோ என்னும் இயந்திர நாய். மக்கள் வணங்கும் தலைவன் ஜீவாவோ ஒளியால் சமைத்த வெறும் உருவம். வார்த்தை மாம்சமானதை அறிக்கையிடும் நாம், மாம்சமே இல்லாத இவ்வரசனை எண்ணிப் பார்க்கலாம். வாராந்தரத் தொடரின் அவசரம் பிற்பகுதியில் தெரிகிறது. ஜீனோவின் குறும்பு அதை மன்னிக்கச் செய்கிறது.

கடைசியாக ஒன்று, இது புதினமன்று, சிறுகதையே. வங்கத்து முஸ்லிம் பெண்மணி ரொக்கேயா எழுதிய ‘சுல்தானாவின் கனவு’ 1905-இல் சென்னையிலிருந்தே வெளிவந்தது. வெளியிட்ட ‘இந்தியன் லேடீஸ் மேகசின்’ இதழின் ஆசிரியை கமலா சத்தியநாதன் ஒரு கிறிஸ்தவர். அதில் பெண்கள் நாடாள்கின்றனர். முகிலிலிருந்து நீரையும் சூரியனிடமிருந்து வெப்பத்தையும் பெறுகின்றனர். ஆனால் விலையைக் கொடுப்போர் இங்கும் உண்டு: ஆடவர் வீட்டுக்குள் அடைபட்டுச் சமைக்கின்றனர். நெய்வேலியிலும் இன்று சூரிய மின்தகடுகள் நிற்கின்றன. பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில் ஒரே அமர்வில் இதை வாசித்துவிடலாம். அன்று ஆடவரையும் அழைத்து, பலகாரப் பொறுப்பை அவர்களிடம் விடுவது நல்லது.