அணியும் அருளுரையும்

காஞ்சிப் பல்லவர் அவையோடு தொடர்புடைய தண்டி, மாமல்லபுரக் கடற்கரைக்கு வந்து, பழுது நீக்கப்பெற்ற திருமால் படிமத்தைக் கண்ட செய்தியை அவந்திசுந்தரி கதையில் தெரிவிக்கின்றார். அவர் வடமொழியில் இயற்றிய காவியாதரிசத்தைத் தழுவி எழுந்ததே நம் தண்டியலங்காரம். அது 35 பொருளணிகளை வகுத்துரைக்கின்றது. எனவே செங்கல்பட்டு வட்டாரத்தில் ஊழியம் செய்வோர்க்கு அணியிலக்கணம் அயலார் சரக்கன்று.

ஆயினும் 'அணி' என்னும் பெயரே நம்மை மயக்கியது போலும். அணியைக் கழற்றினாலும் பொருள் குறையாது எனக் கருதி, அருளுரையில் அதனைக் கழற்றிவிடுகிறோம். ஒட்டகமும் ஊசியின் காதும் பற்றிய ஆண்டவர் மொழி (மத். 19:24) உயர்வு நவிற்சி. எருசலேமில் அப்பெயருடைய சிறு வாயில் ஒன்று இருந்ததென்றும், சுமையிறக்கி மண்டியிட்டால் ஒட்டகம் நுழையுமென்றும் உரைப்பார் உளர். அதற்குத் தொன்மைச் சான்று இல்லை. அதனினும் பெருங்குறை, செல்வரை நடுங்கச் செய்த சொல் அவர்க்குத் தாலாட்டாகிவிடுவதே.

உவமைக்கு வினை, பயன், மெய், உரு என நான்கு நிலைக்களங்களைத் தொல்காப்பியர் கூறுவர். அர்ச்சுனன் தவம் என்றும் பகீரதன் தவம் என்றும் வழங்கும் மாமல்லபுரப் பாறைச் சிற்பத்தில், ஒரு பூனை முனிவரைப் போலக் கைகளை உயர்த்தி நிற்கின்றது. எலிகள் அதனைச் சூழ்ந்துள்ளன. தோற்றத்தில் ஒப்புமை உண்டு; வினையில் இல்லை. நகை பிறப்பது அவ்விடத்தில்தான். திருமறையிலும் சிங்கம் பிசாசுக்கு உவமையாகின்றது (1 பேதுரு 5:8), கிறிஸ்துவுக்கு உருவகமாகின்றது (வெளி. 5:5). முன்னது இரைதேடும் வினை பற்றியது. பின்னது வெற்றி பற்றியது. நிலைக்களம் அறியாதார் இரண்டையும் குழப்புவர்.

இக்கடற்கரையில் நம்மைச் சோதிக்கும் பகுதி வேறொன்று. புதிய வானமும் புதிய பூமியும் தோன்றும் காட்சியில் சமுத்திரம் இல்லாமற்போகின்றது (வெளி. 21:1). கடலைத் தாயென அழைக்கும் மீனவர் இதனை எவ்வாறு கேட்பர்? 2004 டிசம்பர் 26 அன்று அத்தாயே உயிர்களை வாரிச் சென்றதையும் அவர்கள் கண்டனர். சொல்லை நேர்ப்பொருளாகக் கொண்டால், அவர்தம் தொழிலுக்கு விண்ணகத்தில் இடமில்லை என்றாகும். வெறும் அலங்காரம் எனத் தள்ளினால், இழந்தார்க்கு ஆறுதல் இல்லை.

அந்நூலே வழிகாட்டுகின்றது. மிருகம் எழும்பி வருவது சமுத்திரத்திலிருந்து (13:1). எனவே ஒழிவது அழிவின் பிறப்பிடம். ஆனால் சிங்காசனத்தின் முன்னும் (4:6), வெற்றி பெற்றோர் அருகிலும் (15:2) ஒரு கண்ணாடிக் கடல் உண்டு. அச்சம் நீங்கிய கடல் அங்கே அமைதியாய்க் கிடக்கின்றது. இவ்விரண்டையும் சேர்த்துரைப்பவரே அக்குப்பத்து மக்களுக்கு நற்செய்தி கூறியவராவர். அணியை அறிதல் புலமைப் பொழுதுபோக்கன்று. கேட்போர்பால் நாம் செலுத்தவேண்டிய கடன் என்பது நம் துணிபு.