‘புழுக்கமா இருக்கே’ என்றால் காருக்குப் புரியுமா?

தமிழிலேயே பேசி இயக்கலாம் என்று ஷோரூமில் பெருமையாகச் சொல்லி விற்கிற நடுத்தர விலை எஸ்யூவி அது. மதுரைக்குள் ஓட்டிப் பார்த்தேன். இன்ஜினையும் மைலேஜையும் வேறு யாராவது எழுதட்டும். எனக்கு வேண்டியது அதன் காதும் வாயும்தான்.

ஸ்டீயரிங் பட்டனை அழுத்தி “ஏசியை ரெண்டு பாயின்ட் குறை” என்றால் குறைக்கிறது. “சன்ரூஃப் ஓப்பன் பண்ணு” என்று கலந்தடித்தாலும் கேட்கிறது. கண்ணாடியை இறக்கிவிட்டு சிம்மக்கல் ஹாரன் சத்தத்தில் பேசினால் தடுமாறுகிறது, அதை மன்னிக்கலாம்.

ஆனால் வீட்டில் யார் இப்படி அதிகாரம் பண்ணுகிறோம்? பின்சீட்டில் இருந்த அத்தை, “என்னப்பா, ஒரே புழுக்கமா இருக்கே” என்றார். அதையே நான் பட்டனை அழுத்திச் சொன்னேன். “மன்னிக்கவும், புரியவில்லை” என்றது கார். 2018-இல் மெர்சிடிஸ் பேச்சைக் கேட்டு இயங்கும் தன் எம்பியூஎக்ஸ் அமைப்பை அறிமுகப்படுத்தியபோதே, ‘எனக்குக் குளிர்கிறது’ என்று சொன்னால் போதும், வெப்பத்தைக் கூட்டிவிடும் என்று காட்டியாயிற்று. குறிப்பறிகிற வித்தை கைவசம் இருக்கிறது. இந்தக் காரில் தமிழுக்கென்று மெனக்கெடவில்லை.

வழி கேட்கும்போதுதான் நிஜமான எரிச்சல். “தெப்பக்குளத்துக்கு… இந்த முக்தீஸ்வரர் கோயில் இருக்குல்ல, அதுக்குப் பக்கத்துல போகணும்” என்று சொல்ல நினைத்தேன். ‘தெப்பக்குளத்துக்கு’ என்றதும் மூச்சு வாங்கினேன். அதற்குள் தேட ஆரம்பித்துவிட்டது. கொஞ்சம் மௌனம் விழுந்தால் பேச்சு முடிந்தது என்பது அதன் கணக்கு. மனிதர்கள் அப்படிக் கேட்பதில்லை. பத்து மொழிகளை ஒப்பிட்ட 2009 ஆய்வு ஒன்றில், ஆம்-இல்லை கேள்விக்குப் பதில் வரும் சராசரி இடைவெளி ஜப்பானிய மொழியில் 7 மில்லி நொடி, டேனிஷில் 469. மௌனத்தை அளந்துகொண்டு உட்கார்ந்திருந்தால் 7 மில்லி நொடியில் பதில் வராது. வாக்கியம் எங்கே முடியும் என்று காது முன்பே ஊகித்திருக்க வேண்டும். தமிழில் வினைச்சொல் பெரும்பாலும் கடைசியில்தான் வரும். ‘-க்கு’ என்று நின்றால் இன்னும் இருக்கிறது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

பதில் சொல்லும் தோரணை வேறு: “குளிரூட்டியின் வெப்பநிலை குறைக்கப்பட்டது.” பழைய வானொலிச் செய்தி மாதிரி. அத்தைக்கு மட்டும் அது பிடித்திருந்தது, மரியாதையாகப் பேசுகிறதாம்.

இந்த வசதிக்காக மட்டும் டாப் வேரியன்ட்டுக்குப் போக வேண்டாம். பேச்சு புரியாதபோது கைதான் உதவும். அதனால் டெஸ்ட் டிரைவில் ஏசிக்குத் தனி பட்டன் இருக்கிறதா, எல்லாவற்றையும் டச் ஸ்கிரீனுக்குள் போட்டுவிட்டார்களா என்று முதலில் பாருங்கள்.