முதலடியோடு இறங்கிவிடுபவர்கள்

புனேயிலிருந்து லோணாவளா போகும் லோக்கலில் தேஹு ரோடு ஒரு சின்ன நிறுத்தம். ராணுவத் தளவாட டெப்போவை நம்பி வளர்ந்த கன்டோன்மென்ட் ஊர். டெப்போ வேலைக்கு வந்து அங்கேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக இருக்கின்றன. அந்த வீடுகளில் விடிந்ததும் கைப்பேசியில் வந்து விழும் பொன்மொழிகள் இரண்டு மொழிகளில் வரும். மராத்தி நண்பர் துக்காராமை அனுப்புவார், ஊரிலிருந்து சித்தப்பா கணியன் பூங்குன்றனாரை அனுப்புவார். இரண்டுக்கும் பின்னால் அதே ரோஜாப்பூ.

இந்தப் பழக்கத்தைக் கிண்டல் செய்வது சுலபம். ஆனால் கிண்டல் செய்பவர் ஒருமுறை பக்கத்திலுள்ள தேஹு கிராமத்துக்குப் போய்வர வேண்டும். 17ஆம் நூற்றாண்டில் மராத்தி பக்திக் கவிஞர் துக்காராம் வாழ்ந்த ஊர் அது. சூத்திரர் ஒருவர் வேதப்பொருளை மராத்தியில் பாடுவதா என்று எதிர்ப்பு கிளம்பி, அவருடைய ஏடுகள் இந்திராயணி ஆற்றில் மூழ்கடிக்கப்பட்டதாக மரபு சொல்கிறது. பதின்மூன்று நாள் கழித்து அவை நனையாமல் மிதந்து வந்தன என்பது பக்தர்களின் நம்பிக்கை. அதற்குள் அபங்கங்கள் என்ற அவருடைய பக்திப் பாட்டுகள் மக்கள் வாயில் ஏறிவிட்டன, ஏடு போனாலும் பாட்டு போகவில்லை என்று விளக்குபவர்களும் உண்டு. எனக்கு இரண்டாவது விளக்கம்தான் பெரிய அற்புதமாகப் படுகிறது. மேற்கோள் சொல்லும் பழக்கத்துக்கு இதைவிடப் பெரிய சிபாரிசு வேண்டியதில்லை. அச்சகமும் நூலகமும் எட்டாதவர்களுக்கு நெஞ்சில் நிற்கும் நாலு வரிதான் நூலகம்.

இன்று அதே ஊரில் காதா மந்திர் என்ற பெரிய கோயில் இருக்கிறது. துக்காராமின் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட அபங்கங்களை அதன் சுவர்களில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். அவற்றில் எத்தனை வெளியே புழங்குகின்றன என்று பார்த்தால் விரல்விட்டு எண்ணிவிடலாம். வேஷதாரிச் சாமியார்களை அவர் விளாசும் அபங்கங்கள் ஸ்டேட்டஸில் அதிகம் ஏறுவதில்லை. இனிப்பானவையே ஏறும். அவற்றில் ஒன்று, மரஞ்செடி கொடிகளையும் காட்டு விலங்குகளையும் சொந்தபந்தம் என்று கொண்டாடும் அபங்கம். சுற்றுச்சூழல் தினத்தன்று மகாராஷ்டிரத்தில் மரக்கன்று நடும் இடமெல்லாம் அதன் தொடக்கத்தைப் பார்க்கலாம். ஆனால் முழுதாகப் படித்தால் அது மரம் நடச் சொல்லும் பாட்டல்ல. தனிமையின் சுகத்தைப் பாடுவது. ஆட்களை விட்டு விலகிக் காட்டில் உட்கார்ந்து, தன் மனத்தோடு தானே வாதாடிக்கொள்ளும் ஒருவரின் குரல் அது.

நம் பக்கத்துக் கதையும் இதேதான். கணியன் பூங்குன்றனாரின் பாட்டு, புறநானூற்றின் 192ஆவது, மொத்தம் பதின்மூன்று அடிகள். உலகம் அறிந்தது முதலடியை மட்டும். 2019இல் ஐ.நா. பொதுச்சபையில் பிரதமர் மோடி எடுத்துச் சொன்னதும் அதைத்தான். எல்லா ஊரும் நம் ஊர், எல்லாரும் நம் உறவு என்ற இடத்திலேயே நாம் கைதட்டி எழுந்துவிடுகிறோம். கவிஞரோ அங்கிருந்துதான் புறப்படுகிறார். நன்மை தீமைக்குப் பிறரைக் காரணம் காட்டாமல், சாவைப் புதிதென்று எண்ணாமல், மலையாற்றில் போகும் தெப்பம்போல் உயிர் முறைப்படி போகும் என்று தெளிந்து, கடைசியில் பெரியவரைக் கண்டு வாய்பிளப்பதுமில்லை, சிறியவரை இகழ்வது அதைவிடவும் இல்லை என்று முடிக்கிறார். மேடையில் ஒரு தலைவரை வானளாவப் புகழ்ந்துவிட்டு அதே மூச்சில் இந்த முதலடியை முழங்கும் பேச்சாளர்களை நினைத்தால் சிரிப்பு வருகிறது. அவர்களைத் தடுக்கும் அடி அதே பாட்டில்தான் இருக்கிறது.

மராத்தியிலும் தமிழிலும் நாம் வெட்டி எடுத்தது உறவு என்ற சொல் வரும் இடத்தைத்தான் என்பது தற்செயலாக எனக்குத் தோன்றவில்லை. ஆறுதல் எங்கே கிடைக்கிறதோ அங்கே கத்தரிக்கோல் நிற்கிறது. பாட்டிலிருந்து பாடம் எடுக்கிறோம் என்கிறோம். பல நேரம் பாடத்தை முன்னமே வைத்துக்கொண்டு அதற்குப் பாட்டு தேடுகிறோம்.

வெட்டுவது ஒரு குறை என்றால் வரிசை மாற்றுவது இன்னொன்று. தேஹு ரோட்டிலுள்ள புத்த விகாரையில் 1954 டிசம்பர் 25 அன்று அம்பேத்கர் புத்தர் சிலையை நிறுவினார். இந்த வட்டாரத்தில் அவருடைய மூன்று சொற்களை அறியாத பிள்ளை இருக்காது. 1942 ஜூலையில் நாக்பூர் மாநாட்டில் ஆங்கிலத்தில் பேசியபோது அவர் வைத்த வரிசை: கல்வி, கிளர்ச்சி, அமைப்பு. மராத்திச் சுவர்களில் அது 'படியுங்கள், ஒன்றுசேருங்கள், போராடுங்கள்' என்று ஆகிவிட்டது. தமிழில் 'கற்பி, ஒன்றுசேர், புரட்சி செய்'. நடுவில் இருந்த கிளர்ச்சி கடைசிக்குப் போனதும் பொருளே இடம் மாறுகிறது. கல்விக்கு அடுத்து நிற்கும் கிளர்ச்சியை, படித்தது மனத்துக்குள் கொதிப்பது என்று வாசிக்கலாம். கடைசியில் நிற்கும்போது அது தெருவில் இறங்குவது மட்டும்தான். அவருடைய பேச்சும் மூன்று சொற்களோடு நிற்கவில்லை. நம் போர் செல்வத்துக்கோ அதிகாரத்துக்கோ அல்ல, மனித ஆளுமையை மீட்பதற்கு என்று தொடர்கிறது. சுவரில் அதற்கு இடமில்லை.

ஆனாலும் தமிழ் வடிவத்தின் முதல் சொல்லைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மராத்தி 'படி' என்கிறது, தமிழ் 'கற்பி' என்கிறது. ஒன்று தன்னோடு முடிகிறது, மற்றது அடுத்தவரைத் தேடிப் போகிறது. ஒரு குடும்பத்தில் முதல்முறை பட்டம் வாங்கியவருக்கு, பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் திண்ணையில் உட்காரவை என்று சொல்லும் சொல் அது. மூல வாக்கும் புத்தம் புதிதல்ல. 1880களில் இங்கிலாந்தில் சோஷலிஸ்டுகளுக்காக வில்லியம் மோரிஸ் வரைந்த உறுப்பினர் அட்டையிலேயே அந்த மூன்று சொற்களும் இருந்தன. அம்பேத்கரும் ஒரு மேற்கோளைத்தான் எடுத்தார். ஆனால் யாரிடம் சொல்கிறோம், எதற்காகச் சொல்கிறோம் என்று தெரிந்து எடுத்தார். நம் காலை வணக்கப் படங்களில் இல்லாதது இந்த எதிராள்தான். எல்லாருக்கும் அனுப்பப்படுவதால் அது யாருக்கும் சொல்லப்படுவதில்லை.

ஆஷாட ஏகாதசிக்காகத் தேஹுவிலிருந்து பண்டரிபுரத்துக்குக் கிளம்பும் பல்லக்கோடு நடக்கும் வாரகரி பக்தர்களைப் பாருங்கள். தாளத்தோடு அபங்கத்தைத் தொடங்கினால் கவிஞர் பெயர் வரும் முத்திரை அடிவரை போய்த்தான் நிற்பார்கள். நடப்பவருக்கு முழுப்பாட்டும் வேண்டும், வழி நீளம். நமக்குத்தான் அவசரம்.

பதின்மூன்று அடிகள் கைப்பேசித் திரையில் தாராளமாக அடங்கும். ரோஜாப்பூவுக்குத்தான் இடம் இருக்காது.